கடைக்கும் ஒரு பேரேடு

கோயிலைப் பற்றி எழுத வேண்டுமென்றால் நம்மில் யாருக்கும் பேனா தானாக ஓடும். கோட்டை, கொத்தளம், அரண்மனை, அந்தப்புரம் என்றால் கேட்கவே வேண்டாம். நாவலாசிரியனுக்கு அல்வா கிடைத்த மாதிரிதான். ஆனால் ஒரு பருத்திக் கடையைப் பற்றியோ மிளகாய் மண்டியைப் பற்றியோ சரித்திரக் கட்டுரை எழுது என்றால்? "அரை வீசைப் புளிக்கும் கால் படி உளுந்துக்கும் கூடவா ஐயா சரித்திரம்?" என்று வாசகர்கள் சிரிக்கலாம். நானும் அப்படிச் சிரித்தவன்தான். அல்லிநகரத்தில் ஒரு பழைய கடைத் திண்ணையில் ஒரு மாலைப் பொழுது உட்கார்ந்து எழுந்த பிறகு அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

தேனியைத் தெரிந்தவர்களில் பலருக்கு அல்லிநகரத்தைத் தெரியாது. ஆனால் நகராட்சியின் பெயரைப் பாருங்கள், 'தேனி அல்லிநகரம் நகராட்சி' என்று இரண்டும் கைகோத்துத்தான் நிற்கும். அல்லிநகரம் பழைய கிராமம். தேனி அதன் பக்கத்தில் சந்தையும் பேட்டையுமாக வளர்ந்த பிள்ளை. பிள்ளை பெரிய ஆளாகிவிட்டால் தாயார் பெயர் பின்னுக்குப் போவது உலக வழக்கந்தானே? 1964-இல் நகராட்சி வந்தது. 1996-இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்து தேனி ஒரு மாவட்டத்தின் தலைநகராகவே ஆகிவிட்டது. மதுரை ரோடும், பெரியகுளம் ரோடும், கம்பம் ரோடும் சந்திக்கும் இடத்தில் நின்று பார்த்தால், இந்த ஊரை உண்டாக்கியவன் அரசனல்லன், வியாபாரி என்பது விளங்கிவிடும்.

அந்த வியாபாரியை இங்கே கொண்டுவந்து சேர்த்தது எது? பாதிப் பதில் மலைக்கு அப்பால் இருக்கிறது. மேற்கே பாய்ந்து அரபிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றை 1895-இல் அணை கட்டிக் கிழக்கே திருப்பினார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் தண்ணீர் வந்தது. தண்ணீர் வந்ததும் நெல் வந்தது. நெல் வந்ததும் தராசு வந்தது. இன்னொரு பக்கம் மூணாறு மலையிலிருந்து தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து கயிற்று வழியாகக் கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூரை அடைந்தன. ஏலக்காயும் அதே மலையிலிருந்துதான் இறங்கியது. 1928-இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் ஓடத் தொடங்கியது. யுத்தத்தின்போது 1942-இல் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். பிறகு 1950-களில் மறுபடி போட்டார்கள். 2010-இன் முடிவில் அகலப் பாதைக்காக நிறுத்திய ரயில், தேனிக்கு 2022-இலும் போடிக்கு 2023-இலும் திரும்பி வந்தது. இவ்வளவு வரவும் போக்கும் எங்கே கணக்கில் ஏறின? கடையில்! பள்ளத்தாக்கில் எங்கெங்கே பணம் ஓர் இரவு தங்கியதோ, அங்கெல்லாம் ஒரு சுவர் எழும்பியது.

நான் உட்கார்ந்திருந்த கடையும் அப்படி எழும்பியதுதான். முகப்பில் கதவு என்று ஒன்று கிடையாது. உயரமான மரப் பலகைகள் ஒன்றையடுத்து ஒன்றாக ஒரு காடியில் செருகிக் கிடக்கும். ஒவ்வொரு பலகையிலும் உளியால் செதுக்கிய எண் உண்டு. காலையில் வரிசையாகக் கழற்றினால் கடை முழுவதும் தெருவுக்குத் திறந்துகொள்ளும். இரவில் வரிசை தவறிச் செருகினால் பூட்டு விழாது. வாசல் தரை தெருவை விட இடுப்பளவு உயரம். எதற்கு? பார வண்டியின் தட்டும் கடையின் தரையும் சமமாக இருந்தால் மூட்டையைத் தூக்காமல் உருட்டிவிடலாம். சுண்ணாம்புக் காரைச் சுவர் ஒன்றரை முழக் கனம்; உள்ளே போனால் சித்திரை வெயிலிலும் குளுகுளுவென்றிருக்கும். உத்தரத்துக்குக் கீழே சின்னச் சின்னத் துவாரங்கள். சூடான காற்று அந்த வழியாக வெளியேறிவிடும், பருத்தி புழுங்காது. பின்கட்டில் கிட்டங்கி. முன்னால் நீளத் திண்ணை. சந்தைக்குச் சரக்கு ஏற்றி வந்த சம்சாரி விடியும்வரை தலை சாய்ப்பதற்கு.

பாருங்கள், இதில் அலங்காரத்துக்கென்று செய்தது ஒன்றுமில்லை. ஒவ்வொரு செங்கல்லும் ஒரு தொழிலுக்குப் பதில் சொல்கிறது. இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு மூட்டை எப்படி நகர்ந்தது, எங்கே இறங்கியது, யார் எங்கே படுத்துத் தூங்கினார் என்பதையெல்லாம் புத்தகத்தில் தேட வேண்டாம். இந்தக் கட்டடமே சொல்லிவிடும்.

நான் இப்படி மெய்ம்மறந்து புகழ்ந்துகொண்டிருந்ததைக் கடைக்காரப் பெரியவர் பொறுமையாகக் கேட்டார். எழுபது வயதைத் தாண்டியவர். கல்லாப் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னார்:

"நீங்க சொல்றதெல்லாம் சரிதான் தம்பி. பாக்க வர்றவங்க எல்லாரும் அழகுன்னுதான் சொல்றாங்க, போட்டோவும் எடுத்துக்கிறாங்க. ஐப்பசி மழையில வந்து பாருங்க. மேலே ஒழுகுறதுக்குக் கீழே ஏழு வாளி வைக்கிறேன். கடுக்காயும் கருப்பட்டியும் போட்டுக் காரை அரைக்கத் தெரிஞ்ச கொத்தனாரு இப்ப எங்க இருக்காரு? நாங்க மூணு பேரு அண்ணன் தம்பிக. ரெண்டு பேருக்குப் பாகம் பிரிச்சாகணும். இடிச்சுட்டு மூணு மாடி கட்டுனா ஆளுக்கு ஒரு மாடி. நிக்கிற கடையை மூணாப் பிளக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க?"

நான் என்ன சொல்ல? பெருமை பேசுவது சுலபம் ஐயா, வாளி வைப்பதுதான் கஷ்டம்! வருகிற தை மாதம் வேலையை ஆரம்பிப்பதாகத் தம்பிமார்கள் நாள்கூடக் குறித்துவிட்டார்களாம்.

"அண்ணாச்சி, இந்தக் கடை எங்கேயாவது எழுத்தில் பதிவாகியிருக்கிறதா?" என்று கேட்டேன்.

"வீட்டு வரி ரசீதுல இருக்கு" என்றார் அவர்.

அந்தப் பதிலில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பழைய கட்டடங்களைக் காப்பதற்கு நமக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. மத்திய சர்க்காரின் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. நம் மாநிலத்தின் 1966-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் கோயில், கோட்டை, குகை, கல்வெட்டு இவற்றுக்காக வந்தவை. உயிரோடு வியாபாரம் நடக்கிற ஒரு கடையை அந்த வலை பிடிப்பது அபூர்வம். அப்படியானால் கடைக்கு யார் துணை? சென்னை மவுண்ட் ரோடு இதற்கு ஒரு நல்ல பாடம் வைத்திருக்கிறது. அல்லிநகரத்திலிருந்து ஒரு நடை அங்கே போய் வருவோம்.

மவுண்ட் ரோட்டில் மூன்று கடைகள். முதலாவது ஸ்பென்சர். 1895-இல் எழும்பிய அந்தப் பெரிய கட்டடம் 1983-இல் தீப்பிடித்து எரிந்தது. அந்த இடத்தில் இன்று நிற்பது ஸ்பென்சர் பிளாசா. பழைய பெயர் இருக்கிறது. பழைய கடை இல்லை.

இரண்டாவது, டபிள்யூ. ஈ. ஸ்மித் என்ற மருந்து வியாபாரி 1897-இல் கட்டிய மாளிகை. மருந்துக் கடைக்கு மினார்களும் வளைவுகளுமா என்று வியக்கும்படியான கட்டடம். 1934-இல் பாரத் இன்ஷூரன்ஸ் கம்பெனி அதை வாங்கியது. 1956-இல் ஆயுள் இன்ஷூரன்ஸ் தேசியமயமானபோது எல்.ஐ.சி.யின் கைக்கு வந்தது. 2006-இல் அதை இடிக்கத் தொடங்கினார்கள். இன்டாக் என்ற மரபுப் பாதுகாப்பு அமைப்பு உயர் நீதிமன்றத்துக்கு ஓடிற்று. கடப்பாரை நின்றது. 2010-இல் தீர்ப்பு வந்தது. அந்தக் கட்டடத்தை இடிக்கக் கூடாது. அது மட்டுமல்ல, சென்னையின் மரபுக் கட்டடங்களைக் கவனிக்க ஒரு குழு வேண்டும், அந்தக் குழுவைக் கேளாமல் பட்டியலில் உள்ளவற்றைத் தொடக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது.

எந்தப் பட்டியல்? இங்கேதான் ஒரு வேடிக்கை. சாலையோர விளம்பரப் பலகைகளை ஒழுங்குபடுத்துவதற்காக நீதிபதி பத்மநாபன் தலைமையில் உயர் நீதிமன்றம் ஒரு குழுவை அமைத்திருந்தது. எந்தெந்தக் கட்டடங்களைப் பலகைகள் மறைக்கக் கூடாது என்று பார்க்கப் புகுந்த அந்தக் குழு, 460-க்கும் மேற்பட்ட மரபுக் கட்டடங்களை எழுதி வைத்தது. பலகையை அகற்ற எழுதிய பட்டியல் கட்டடத்துக்குக் கவசமாயிற்று! எழுதி வைத்ததன் மகிமையைப் பாருங்கள். எழுதாத கட்டடத்துக்காக எத்தனை பெரிய வக்கீல் வந்தாலும், "இது முக்கியமானது என்று இன்றைக்குத்தான் சொல்கிறீர்களா?" என்ற ஒரு கேள்வியில் வழக்கு ஆட்டம் கண்டுவிடும். இடிக்கும் நாளில் பெருமை பேசுவது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

மூன்றாவது கடை ஹிக்கின்பாதம்ஸ். 1844-இல் தொடங்கிய புத்தகக் கடை. இப்போதுள்ள கட்டடம் 1904-இல் வந்தது. உயர்ந்த கூரை, வண்ணக் கண்ணாடி, சதுரங்கம் போன்ற தரை. இதைக் காப்பாற்றிய பெரிய சக்தி எது என்று என்னைக் கேட்டால், அங்கே புத்தகம் விற்றுக்கொண்டிருந்ததுதான் என்பேன். ஸ்மித்தின் மாளிகை நீதிமன்றத்தில் ஜெயித்தது. ஆனால் உள்ளே ஆள் இல்லாமல், அரச மரம் வேர்விட, ஆண்டுக்கணக்கில் பாழடைந்து நின்றது. தீர்ப்பு கடப்பாரையைத் தடுக்கும், மழையைத் தடுக்குமா? வெறும் பதிவு மட்டும் போதாது என்பதற்கு ஸ்மித் சாட்சி. பதிவே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊர்க் கடைத் தெருக்கள் அனைத்தும் சாட்சி.

இந்தத் தீர்ப்புக்குப் பிறகு 2012-இல் தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் நிறைவேறியது. முன் சொன்ன இரண்டு சட்டங்களிலும் அடங்காத கட்டடங்களை அடையாளம் காண்பதற்கும், உள்ளாட்சிகளுக்கு ஆலோசனை சொல்வதற்கும் ஏற்பட்ட சட்டம் அது. நல்ல சட்டந்தான். ஆனால் ஏட்டிலிருந்து இறங்கி நடைக்கு வர அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அதற்குள் எத்தனை கடைப் பலகைகள் விறகாகப் போயினவோ! சென்னையில் அமர்ந்திருக்கும் ஆணையத்துக்கு அல்லிநகரத்துக் கடையின் பலகை எண் எப்படித் தெரியும்? அதை எழுதிக் கொடுக்க வேண்டியது அந்த ஊர்தான். ஊரில் ஒரு பதிவேடு இருந்தால்தான் மேலே உள்ள சட்டத்துக்குக் கால் முளைக்கும்.

"பதிவு செய்தால் ஆணிகூட அடிக்க விடமாட்டார்களே!" என்று கடைக்காரர்கள் பயப்படுவது எனக்குத் தெரியும். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் எல்லாப் பதிவும் ஒரே மாதிரி அல்ல. பம்பாயில் 1995-இல் ஒழுங்குமுறைகள் கொண்டுவந்தபோது கட்டடங்களை மூன்று தரமாகப் பிரித்தார்கள். முதல் தரத்தைத் தொடக் கூடாது. மூன்றாம் தரத்தில் தெருவின் தோற்றம் கெடாதபடி மாற்றிக்கொள்ளலாம். அதோடு, கட்ட முடியாமல் உடைமையாளர் இழக்கும் மாடிகளுக்கு ஈடாக, அந்த உரிமையை வேறிடத்துக்கு மாற்றி விற்கவும் வழி வைத்தார்கள். அல்லிநகரத்துப் பெரியவரின் தம்பிமார்கள் கேட்க வேண்டிய செய்தி இது. கட்டாத மாடிக்கும் விலை உண்டு என்றால், பாகப் பிரிவினைக்கு இடிப்பது ஒன்றுதான் வழி என்று சொல்ல முடியாதல்லவா?

ஜப்பானியர்கள் இன்னும் மெல்லிய கயிற்றால் கட்டினார்கள். 1996-இல் தங்கள் பண்பாட்டுச் சொத்துச் சட்டத்தைத் திருத்தி, 'பதிவு' என்று ஒரு புதிய முறையைச் சேர்த்தார்கள். ஐம்பது ஆண்டுகள் கடந்த கட்டடமாக இருந்தால் போதும். உள்ளே வசதிக்குத் தக்கபடி மாற்றலாம். வெளித் தோற்றத்தைப் பெரிதாக மாற்றுவதானால் முன்கூட்டி அறிவிக்க வேண்டும். பதிலுக்கு வரியில் சலுகை. பழுது பார்க்கத் திட்டம் வரைவதற்கு உதவி. மது வடிக்கும் ஆலைகள், விடுதிகள், கடைகள் என்று 13,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அந்தப் பதிவில் ஏறிவிட்டன. கோட்டையைக் காக்க இரும்புச் சங்கிலி தேவைப்படலாம். கடைக்கு ஒரு நூல் போதும், ஆனால் அந்த நூலின் மறுமுனையில் ஊர் நிற்க வேண்டும்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. அதை மறைத்துவிட்டு எழுதினால் நான் நாணயமானவன் ஆகமாட்டேன். நம்மவர்கள் கடல் தாண்டிக் கடை வைத்த பினாங்குத் தீவுக்குப் போய்ப் பாருங்கள். சூலியா தெருவின் பெயரே தமிழ் முஸ்லிம் வணிகர்களின் பெயர். அங்கே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்த காலத்தில் சிறு தொழிலாளிகளும் கடைக்காரர்களும் பழைய கடைவீடுகளில் குறைந்த வாடகைக்குக் குடியிருந்தார்கள். 2000-இன் தொடக்கத்தோடு அந்தப் பாதுகாப்பு போயிற்று, வாடகை ஏறியது, பலர் வெளியேறினார்கள். 2008-இல் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் ஏறியது. கட்டடங்களுக்குப் புது வர்ணம் வந்தது. தையல்காரரும் கூடை முடைகிறவரும் இருந்த இடங்கள் பலவற்றில் ஹோட்டலும் காப்பிக் கடையும் வந்தன. சிங்கப்பூரில் நேர்மாறு: மார்க்கெட் தெருவில் செட்டியார்கள் பெட்டியடியில் அமர்ந்து வட்டிக் கணக்கு எழுதிய கிட்டங்கிகள், நகரைப் புதுப்பிக்கும் வேகத்தில் இடிபட்டே போயின. 1989-இல் அந்த நகரம் விழித்துக்கொண்டு, 'லிட்டில் இந்தியா' உள்பட பல பகுதிகளைப் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவித்தது. கிட்டங்கிகளுக்கு அந்த விழிப்பு காலம் கடந்து வந்தது.

நம் பக்கத்து மதுரையிலேயே இன்னொரு காட்சி. திருமலை நாயக்கர் காலத்துப் புது மண்டபத்தில் தலைமுறை தலைமுறையாகத் தையல்காரர்களும் வளையல் கடைக்காரர்களும் புத்தக வியாபாரிகளும் இருந்தார்கள். மண்டபத்தைக் காப்பதற்காக அவர்களைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். மண்டபம் விழாவுக்காகக் கட்டியது, ஆகவே கடை வெளியேறியதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் கடையாகவே பிறந்த கட்டடத்திலிருந்து கடையை வெளியேற்றினால் மிஞ்சுவது என்ன? பாடம் செய்த புலி! பார்க்கலாம், உறுமாது.

இதை உணர்ந்துதான் போலும், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரம் 2015-இல் வேறு வகையான பதிவேட்டைத் திறந்தது. அதில் ஏறுவது கட்டடம் அல்ல, தொழில். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்த கடையும் உணவு விடுதியும் அதில் இடம் பெறலாம். கடைக்கு உதவித் தொகை. அந்தக் கடைக்கு நீண்ட காலக் குத்தகை கொடுக்கிற கட்டட உடைமையாளருக்கும் உதவித் தொகை. சுவரையும் காத்து, சுவருக்குள் உட்கார்ந்திருப்பவரையும் காப்பதென்றால் இரண்டு பதிவும் ஒன்றாகச் சேர வேண்டும்.

இவ்வளவு தூரம் சுற்றிவிட்டு அல்லிநகரத்துத் திண்ணைக்கே திரும்பி வந்தேன். பெரியவரின் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் சிவப்புத் துணி அட்டை போட்ட பேரேடு கிடந்தது. அதைக் காட்டிக் கேட்டேன்:

"அண்ணாச்சி, இதில் பற்று மட்டும் எழுதி, வரவே எழுதாமல் விட்டால்?"

"அது கணக்கே இல்லையே!" என்றார்.

மரபுப் பதிவேட்டுக்கும் அதே விதிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. "இடிக்காதே, மாற்றாதே, வர்ணம் பூசாதே" என்று பற்றுப் பக்கத்தை மட்டும் நிரப்பினால் உடைமையாளர் அந்தப் பேரேட்டைத் தூக்கி எறிவார், எறியத்தான் வேண்டும். வரவுப் பக்கம் ஒன்று வேண்டும். பதிவான கடைக்கு வீட்டு வரியில் தள்ளுபடி. கூரை பார்க்க ஒரு சிறு மானியம். காரை அரைக்கத் தெரிந்த இரண்டு கொத்தனார்களை நகராட்சியே தேடிக் கண்டுபிடித்து, நான்கு இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுக்கச் செய்தல். பின்கட்டில் புதிதாகக் கட்டிக்கொண்டு முன்கட்டை நிறுத்த அனுமதி. இவையொன்றும் வானத்து நட்சத்திரங்கள் அல்ல. முதல் பக்கத்தில் கடையின் எண், கட்டிய காலம், என்ன சரக்கு, எத்தனை பலகை, யார் நடத்துகிறார் என்று எழுதிவிட்டால் கணக்குத் தொடங்கிவிடும். அதை எழுத ஒரு குமாஸ்தாவும் ஊரின் கதை தெரிந்த பெரியவர்கள் நான்கு பேரும் போதும்.

இந்தப் பள்ளத்தாக்கு நன்றி மறவாத பூமி. அணை கட்டிய பென்னிகுயிக் துரையின் படத்தைக் கடைகளில் மாட்டியிருக்கிறார்கள். லோயர் கேம்பில் 2013-இல் அவருக்கு மணிமண்டபமே எழும்பியது. தண்ணீரைக் கொண்டுவந்தவரை நினைக்கத் தெரிந்த ஊருக்கு, அந்தத் தண்ணீரில் விளைந்ததை நிறுத்து, விற்று, சம்சாரிக்கு முன்பணம் கொடுத்து, திண்ணையில் படுக்க இடமும் கொடுத்த கடைகளை நினைப்பதா கஷ்டம்?

இருட்டத் தொடங்கியது. கடைப் பையன் பலகைகளை எடுத்து ஒன்று, இரண்டு என்று செருக ஆரம்பித்தான். ஏழாம் பலகை மட்டும் புதிது, பழையது செல்லரித்துவிட்டதாம். புதியதில் எண் செதுக்கவில்லை. பெரியவர் சாக்குக் கட்டியால் '7' என்று எழுதியிருந்தார். இடிப்பதென்று முடிவான கடைக்கு எண் எதற்கு என்று கேட்க நாக்கு வரை வந்தது; கேட்கவில்லை.

நான் விடைபெறும்போது அவரே பேச்சை எடுத்தார்.

"தம்பி, அந்தப் பம்பாய் சங்கதியையும் வரித் தள்ளுபடியையும் ஒரு தாள்ல எழுதிக் குடுத்துட்டுப் போங்க. தம்பிமாருக்குப் படிச்சுக் காட்டுறேன். கேப்பாங்களோ மாட்டாங்களோ. கணக்கை முடிக்கிறதுக்கு முந்தி எழுதிப் பாக்கணும்ல?"

எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். தை மாதத்துக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. அல்லிநகரம் நகராட்சியில் யாராவது இந்தக் கட்டுரையைப் படித்தால், அவர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குவதற்கு அந்தக் காலம் தாராளமாகப் போதும்.